மரபணுவின் மேல் பதிந்த பசி

பனிக்காலப் பஞ்சம்

இரண்டாம் உலக மகாயுத்தத்தின் இறுதிக் கட்டத்தில், 1944ஆம் ஆண்டு செப்டம்பரில், நேச நாட்டுப் படைகளுக்கு உதவும் பொருட்டு நெதர்லாந்தின் ரயில்வே ஊழியர்கள் வேலைநிறுத்தம் செய்ய, அதற்குத் தண்டனையாக ஜெர்மானிய ஆட்சியாளர் அந்நாட்டின் மேற்குப் பிரதேசத்துக்கு உணவுப் பொருள்கள் செல்வதைத் தடுத்துவிட்டனர். பின்னர்த் தடை தளர்த்தப்பட்டபோதோ, கால்வாய்கள் உறைந்து படகுப் போக்குவரத்தே நின்றுபோயிருந்தது. ஆம்ஸ்டர்டாம், ராட்டர்டாம் முதலிய நகரங்களில் ஒருவருக்குரிய நாள் பங்கீடு 1000 கலோரிக்கும் கீழே இறங்க, ஜனங்கள் துலிப் கிழங்குகளைத் தின்று உயிர் தரித்தார்கள். ஏறத்தாழ 20,000 பேர் மாண்டார்கள்.

அப்பஞ்சத்தின் உச்சத்தில் கருவாகிப் பிறந்தவர்கள் நடுவயதை எட்டிய பின், 1990களில், எஸ்ரா சஸ்ஸரும் அவருடைய சகாக்களும் மருத்துவப் பதிவுகளைப் புரட்டிப் பார்த்தபோது, ஸ்கிசோஃப்ரீனியா எனப்படும் மனச்சிதைவு நோய் அவர்களிடம் பிறரைக் காட்டிலும் சுமார் இருமடங்கு காணப்பட்டது. 1959 முதல் 1961 வரை சீனத்தை வாட்டிய பெரும் பஞ்சத்தில் கருவானவர்களிடமும் ஏறக்குறைய அதே விகிதம் தென்படவே, தற்செயல் என்று இதை ஒதுக்க இயலாமற் போயிற்று.

எழுத்து மாறாமல் செயல் மாறுதல்

மனச்சிதைவு பரம்பரையாகத் தொடரக்கூடியது என்பது உண்மையே. ஆனால் ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டையருள் ஒருவருக்கு இந்நோய் கண்டால், மற்றவருக்கும் காண்பது ஏறத்தாழப் பாதிப் பேரிடத்திலோ அதனினும் குறைவாகவோதான். மரபணுக்கள் ஒன்றாகவே இருந்தும் விதி வேறாவானேன்? வயலுக்குப் போகும் வாய்க்கால் வெட்டியபடியே கிடக்க, மதகு திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா என்பதைப் பொறுத்தே பயிர் நீர் பெறுவதுபோல, டி.என்.ஏ.யில் உள்ள எழுத்துகள் சற்றும் மாறாதிருக்க, அவற்றின்மேல் மெத்தில் என்னும் சிறு இரசாயனக் கூறு ஒட்டுவதும் நீங்குவதும், எந்த மரபணு எவ்வளவு வேலை செய்ய வேண்டும் என்பதைப் பெரிதும் நிர்ணயிக்கின்றன. இத்தகைய மாறுதல்களை ஆராயும் துறைக்கு வழங்கும் எபிஜெனடிக்ஸ் என்னும் பெயரை 1942இல் அமைத்தவர் கான்ராட் வாடிங்டன்.

2008இல் லெய்டன் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள், நெதர்லாந்துப் பஞ்சத்தில் கருவானவர்களின் இரத்தத்தை, பஞ்சம் தீண்டாத அவர்களுடைய சொந்தச் சகோதர சகோதரியரின் இரத்தத்தோடு ஒப்பிட்டு, கரு வளர்ச்சிக்கு உதவும் ஐ.ஜி.எஃப்.2 என்ற மரபணுவில் மெத்தில் குறைந்திருப்பதைக் கண்டனர். தாய் பட்ட பசியின் தடம் ஆறு தசாப்தங்கள் கழிந்தும் பிள்ளையின் இரத்தத்தில் அழியாதிருந்ததென்பது என் மனத்தை உலுக்கும் செய்தி.

மூளைக்குள் கண்டது

இரத்தம் வேறு, மூளை வேறு. உயிரோடிருப்பவரின் மூளையை அறுத்துப் பார்க்க இயலாதாகையால், மரணத்துக்குப் பின் தானமாக அளிக்கப்பட்ட மூளைகளையே ஆராய்ச்சியாளர் நாடுகின்றனர். 2019இல் அமெரிக்காவின் வான் ஆண்டல் ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த விவியன் லாப்ரியும் குழுவினரும், மனச்சிதைவும் இருதுருவ மனநோயும் உற்றிருந்தவர்களுடைய மூளையின் முன்பகுதியிலிருந்து நரம்பு உயிரணுக்களை மட்டும் பிரித்தெடுத்துச் சோதித்தபோது, அதே ஐ.ஜி.எஃப்.2 மரபணுவைச் சார்ந்த ஒரு கட்டுப்பாட்டுப் பகுதியில் மெத்தில் குறைந்திருந்தது. அப்பகுதியோ டோபமைன் உற்பத்திக்கு இன்றியமையாத நொதியின் மரபணுவைத் தூண்டவல்லது. டோபமைன் மிகுதிக்கும், இல்லாத குரல்கள் கேட்பது முதலிய பிரமைகளுக்கும் உள்ள தொடர்பு மருத்துவர்கள் நெடுங்காலமாக அறிந்ததே. 1950களில் புழக்கத்துக்கு வந்த குளோர்புரோமசின் தொட்டு மனப்பிறழ்வுக்கான மருந்துகள் பெரும்பாலும் டோபமைனின் செயலைத் தடுத்தே பயன் தருகின்றன.

ஆயினும், இறந்தவரின் மூளையில் காணும் மாறுதல் நோய்க்குக் காரணமா, நோயின் விளைவா, பல்லாண்டு உட்கொண்ட மருந்தின் தடமா என்பதை அம்மூளை ஒன்றைக்கொண்டே துணிதல் கடினம். அவசர முடிவுகளுக்கு இங்கே இடமில்லை.

தாயின்மேல் பழி வேண்டா

அவசர முடிவு விளைத்த தீங்குக்குச் சரித்திரமே சாட்சி. 1948இல் ஃப்ரீடா ஃப்ரோம்-ரைக்மன் என்ற மனநல மருத்துவர், தாயின் வளர்ப்பு முறையே மனச்சிதைவை உண்டாக்குகிறது என்னும் கருத்துக்கு ஒரு பெயரும் சூட்ட, ஆதாரமற்ற அக்கருத்தால் எத்தனையோ தாய்மார் பல்லாண்டு குற்றவுணர்வில் வெந்தனர். கர்ப்பகால ஆய்வுகளைக் காட்டி அப்பழியை மீண்டும் சுமத்துவது அநியாயம். நெதர்லாந்துத் தாயர் பட்டினி கிடந்தது யுத்தத்தால் அன்றித் தம் கவனக்குறைவால் அன்று. மேலும், நூற்றுக்கு ஒருவர் என்ற அளவில் நேரும் நோய் இருமடங்கானாலும், எஞ்சிய தொண்ணூற்றெட்டுப் பேர் அதற்கு ஆளாவதில்லை. கர்ப்பிணியின் போஷாக்கு வீட்டாரும் அரசாங்கமும் சேர்ந்து ஏற்கவேண்டிய பொறுப்பு.

சிகிச்சைக்குத் தாமதம் கூடாது

எபிஜெனடிக் சோதனையால் மனச்சிதைவை உறுதிசெய்யும் முறை இன்னும் சிகிச்சைக்கு வரவில்லை. அவ்வாறு உறுதிசெய்வதாகச் சொல்லிப் பணம் கேட்போரை நம்பலாகாது. படிப்பிலோ வேலையிலோ காரணமின்றிப் பின்தங்குதல், உறக்கம் கெடுதல், தனித்தொதுங்குதல், பிறர் தமக்குச் சதி செய்வதாக அசையாது நம்புதல், யாரும் பேசாதபோதும் குரல் கேட்டல் ஆகியவை தென்பட்டால், தோஷம், பேய் என்று மாதங்களைக் கழிக்காமல் மனநல மருத்துவரிடம் அழைத்துச் செல்ல வேண்டும். சிகிச்சை தாமதமாகும் அளவுக்குக் குணமும் தாமதமாகிறது. குடும்பத்தில் இந்நோய் உள்ள இளைஞர்கள் கஞ்சாவை அறவே விலக்குதல் அவசியம். தேறியதும் மருந்தைத் தாமாகவே நிறுத்தினால் நோய் திரும்பும் அபாயம் பெரிது. கர்ப்பமுற்றவர்களும் மருத்துவரைக் கலந்த பின்னரே மருந்தில் மாற்றம் செய்யலாம். இந்தியாவில் டெலி மானஸ் என்னும் அரசாங்க மனநல உதவிச் சேவையை 14416 என்ற எண்ணில் இரவும் பகலும் கட்டணமின்றி அழைக்கலாம், தமிழிலும் பேசலாம்.