கணினிக் கள்வரைக் கண்டறியும் கூர்ப்பு முறை

ஓர் எழுத்துப் பிழை 2 கோடி டொலரைக் காத்த வரலாறு நம் நாட்டோடு தொடர்புடையது. 2016ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்தில், பங்களாதேஷ் மத்திய வங்கியின் கணினி வலையமைப்பினுள் புகுந்த கள்வர், அவ்வங்கி நியூயோர்க்கில் வைத்திருந்த பணத்தை வேறிடங்களுக்கு மாற்றும்படி பொய்க் கட்டளைகளை அனுப்பினர். 8 கோடியே 10 இலட்சம் டொலர் பிலிப்பைன்சைச் சென்றடைந்தது. இலங்கைக்கு அனுப்பப்பட்ட 2 கோடியோ தப்பியது. பணம் பெறும் நிறுவனத்தின் பெயரில் 'பவுண்டேசன்' என்னுஞ் சொல் பிழைபட்டிருக்கக் கண்டு, இடைநின்ற வங்கியினர் ஐயுற்று வினவினர்.

எனினும், அக்கள்வர் பல மாதங்களுக்கு முன்னரே வலையமைப்பினுள் நுழைந்து பதுங்கியிருந்தனர். அதனை எவரும் அறிந்திலர். நொடிதோறும் ஆயிரக்கணக்கான தொடர்புகள் வந்து போகுமிடத்தில் மனிதக் கண் எங்ஙனம் காவல் செய்யும்? காவல் விதிகளை எழுதிக் கணினியிடம் ஒப்படைக்கலாம். ஆனால், கள்வன் வழியை மாற்றுந்தோறும் விதியையும் மாற்றி எழுதுதல் எளிதன்று. விதிகள் தாமே திருந்தி வளருமாயின்?

இதற்கு வழிகாட்டியோருள் முதன்மையானவர் மிச்சிகன் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜோன் ஹொலண்ட். உயிர்களின் கூர்ப்பைப் பின்பற்றிக் கணினியில் விடைகளை வளர்க்கும் முறையை அவர் 1975இல் நூலாக வெளியிட்டார்.

வினாயகபுரம் முதலிய அம்பாறைக் கரையோர ஊர்களில் வேளாண்மை செய்வோருக்கு இம்முறையின் உட்பொருள் புதிதன்று. நம் நாட்டு முருங்கைக்காயனையும் இந்தோனேசியாவின் மாஸ் நெல்லையும் கலந்து, தலைமுறை தலைமுறையாக நல்லனவற்றைத் தெரிந்தெடுத்தே, 1958இல் எச்-4 என்னும் நெல்லினம் வெளியிடப்பட்டது. கணினியிலும் அவ்வாறே முதலில் நூற்றுக்கணக்கான விதிகள் மனம்போனவாறு ஆக்கப்படும். நல்லவை இவை, தீயவை இவை என முன்னரே அறிந்த பழைய தொடர்புகளைக் கொண்டு ஒவ்வொரு விதிக்கும் புள்ளி இடப்படும். சிறந்தவை எஞ்சும், அவை தம்முட் கலந்தும் சிறிது மாறியும் அடுத்த தலைமுறையாகும். 1999இல் தொகுக்கப்பட்டு ஆய்வாளர் பெரிதும் பயன்படுத்திய பதிவுகளில், ஒவ்வொரு தொடர்பும் 41 இயல்புகளால் வருணிக்கப்பட்டுள்ளது.

புள்ளியிடுவதிலேதான் நுட்பம் உளது. கள்வனைப் பிடித்தால் மட்டும் போதாது. நல்லோரைக் கள்வரென்று கூவும் விதிக்குப் புள்ளி குறைக்கவும் வேண்டும். நாளொன்றுக்குப் பத்து இலட்சம் நல்ல தொடர்புகள் வருமிடத்தில், நூற்றுக்கு ஒன்று பிழைத்தாலும் 10,000 பொய்யெச்சரிக்கைகள் எழும். ஓயாது குரைக்கும் நாயின் குரலுக்கு வீட்டார் எழுந்து வருவரோ?

மாணவ மணிகளே! பழைய களவுகளைக் கொண்டு வளர்ந்த விதி, புதிய களவின்முன் திகைத்தலும் கூடும். ஆகவே, பதிவுகளைப் புதுப்பித்து விதிகளை மீண்டும் மீண்டும் வளர்த்தல் வேண்டும். எச்சரிக்கை எழுந்தபின் ஆராய்ந்து தெளிய, அன்று ஓரெழுத்தில் ஐயுற்ற கண்போன்ற மனிதக் கண்ணும் வேண்டும். கணிதமும் விழிப்பும் ஒருங்கே உடையோருக்கு இத்துறையில் பணி காத்திருக்கின்றது.