பேரேட்டிலிருந்து கணிப்பொறிக்கு

கணிப்பொறி வந்துவிட்டால் வேலை எளிதாகிவிடும் என்பது பலரது எண்ணம். கணக்கிடும் வேலை எளிதாகிறது என்பது மெய்யே. ஆயினும், கணக்கிற்குள் நுழைய வேண்டிய செய்திகளை வகுத்துக் கொடுக்கும் வேலை முன்னினும் கடினமாகிறது. இதனை விளக்க நாம் நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. பொள்ளாச்சிச் சாலையில் 40 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து அடையும் வால்பாறையின் தேயிலைத் தொழிலே போதிய சான்றாகும்.

தோட்டத்தில் கொழுந்து நிறுக்கும் முறையை எண்ணிப் பார்ப்போம். மொத்த எடையிலிருந்து பையின் எடையையும், மழைநாளில் இலையில் தங்கிய நீரின் எடையையும் கழிப்பர். எஞ்சியதே தொழிலாளியின் கணக்கில் ஏறும். எவ்வளவு கழிப்பது என்பதை நிறுப்பவர் கண்மதிப்பால் முடிவு செய்யலாம். மின்னணுத் தராசு கண்மதிப்பை அறியாது. அதற்கு ஓர் எண் வேண்டும். அந்த எண்ணை யார் முடிவு செய்வது, தொழிலாளிக்கு அதை எவ்வாறு காட்டுவது என்னும் வினாக்கள் அப்போது எழுகின்றன. பழக்கத்துள் மறைந்திருந்த சிக்கலைக் கருவி வெளிக்கொணர்கிறது.

தேயிலை ஏலத்திலும் இதே நிலைதான். 1861இல் கல்கத்தாவில் தொடங்கிய ஏலமுறை வாய்மொழியாகவே நடந்து வந்தது. ஒருவர் கேட்டு எடுத்த தொகுதியைப் பிறருடன் பங்கிட்டுக்கொள்வதும் வணிகரிடையே வழக்கமாக இருந்தது. 2008, 2009 ஆண்டுகளில் தேயிலை வாரியம் மின்னணு ஏலத்தைப் படிப்படியாகக் கொணர்ந்தபோது, அப்பங்கீட்டிற்கும் விதி வகுக்க வேண்டியதாயிற்று. ஒரு மையத்துத் தேயிலையைப் பிற மையத்து வணிகரும் கேட்கும் அகில இந்திய ஏலம் 2016இல் வந்தது. முதலில் ஏலமுறையை மாற்றிப் பின்னர் அதன் எல்லையை விரித்த இவ்வரிசை கருதத்தக்கது. அனைத்தையும் ஒரே நாளில் மாற்றினால், பிழை எங்கே நேர்ந்தது எனக் கண்டறிவது அரிதாகும்.

தமிழ் பயில்வோர் உற்று நோக்க வேண்டிய சிக்கல் பெயரில் உள்ளது. இலங்கை மலையகத் தோட்டங்களில் அரைநாள் வேலையை 'அரைப்பேர்' என்பர். பேர் பதிந்தால்தான் கூலி என்னும் நிலையை அச்சொல் காட்டுகிறது. பாத்திமா என்னும் பெயரை ஆங்கிலத்தில் 'எஃப்' எழுத்தால் தொடங்குவாரும் உளர், 'பி' எழுத்தால் தொடங்குவாரும் உளர். தந்தை பெயரின் முதலெழுத்து முன்னும் வரும், பின்னும் வரும். பேரேட்டைப் பார்க்கும் கணக்கர் ஆளை அறிவார். கணிப்பொறிக்கோ எழுத்து வேறானால் ஆளும் வேறு. வருங்கால வைப்புநிதி உறுப்பினர்க்கு 2014 முதல் நிலையான பொதுக் கணக்கு எண் வழங்கப்படுகிறது. அதனோடு இணையும் ஆதாரிலும் வங்கிக் கணக்கிலும் பெயர் ஒத்திராவிடில், திருத்த விண்ணப்பத்துடன் அலைய நேர்கிறது. ஓரெழுத்து, ஒரு மூதாட்டியின் ஆயுட்கால உழைப்பை வாயிலில் நிறுத்திவிடுகிறது.

இத்தகைய இடரைத் தமிழுலகம் முன்பே கண்டுள்ளது. ஒரு கணிப்பொறியில் எழுதிய தமிழை மற்றொன்று படிக்க இயலாதிருந்த காலமும் உண்டு. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாடு பொதுவான விசைப்பலகைக்கு வழிகோலியது. 2010இல் தமிழக அரசு ஒருங்குறியை ஏற்றது. பொதுத்தரம் அமைந்த பின்னரே கருவிகள் தம்முள் பேசின.

திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம், இரண்டாம் அத்தியாயத்தின் 282ஆம் வசனம், கடன் ஆவணத்தைப் பற்றியது. எழுதவும் சாட்சி வைக்கவும் பணிக்கும் அவ்வசனம், தானே சொல்லி எழுதுவிக்க இயலாதவருக்காக அவருடைய பொறுப்பாளர் நீதியுடன் சொல்ல வேண்டும் என்றும் வகுக்கிறது. பதிவுமுறை எதுவாயினும், இயலாதவரின் குரல் அதனுள் இடம்பெற வேண்டும் என்பதை நாம் இதனால் உணர்கிறோம்.

ஆகவே, வேலை நடக்கும் முறையை முதலில் உள்ளபடி எழுதுதல் வேண்டும். எளிய பகுதியை முன்னர் மாற்றுதல் வேண்டும். பழைய பேரேட்டைச் சில மாதங்களேனும் உடன் வைத்து ஒப்பிடுதல் வேண்டும். பதிந்ததை உரியவருக்குப் படித்துக் காட்டுதலும், பிழை கண்டால் திருத்தும் அதிகாரம் படைத்த ஒருவரை அமர்த்துதலும் இன்றியமையாதன.

நம் மாணவர்களும் இதில் பங்கு கொள்ளலாம். விடுமுறையில் ஊர் செல்வோர், தம் பெற்றோரின் ஆதார், வங்கி, வைப்புநிதிப் பதிவுகளில் பெயரும் பிறந்த நாளும் ஒத்துள்ளனவா என்று பார்ப்பாராக. ஓய்வுபெறும் நாளில் தெரியவரும் பிழையை இன்றே திருத்திவிடலாம். கற்ற எழுத்தின் பயன் அங்கிருந்து தொடங்கட்டும்.