அந்தப் பதினான்கு பேர்

முப்பத்தோரு வருஷம் பள்ளிக்கூடத்தில் கணக்கு சொல்லிக்கொடுத்தவள் நான். எந்தச் சதவீதத்தைப் பார்த்தாலும் வாயில் முதலில் வருவது, "எத்தனை பேரில்?" என்ற கேள்விதான். தம்பியின் நோயைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தபோதும் அந்தப் பழக்கம் விடவில்லை.

தம்பிக்கு இப்போது 54 வயது. பாலிடெக்னிக் முடித்து ரேடியோ கடையில் வேலைக்குச் சேர்ந்த 22 வயதில் மனச்சிதைவு நோய் வந்தது. செத்துப்போன அப்பா பேசுகிறார் என்றான். சென்னை அஸ்தினாபுரம் வீட்டில் ஜன்னலையெல்லாம் சாத்திவிட்டு மாசக்கணக்கில் உட்கார்ந்திருந்தான். அப்போது பார்த்த டாக்டர் ஒருவர் அம்மாவிடம், "இனிமே இவன்கிட்ட எதையும் எதிர்பார்க்காதீங்கம்மா" என்று சொல்லி அனுப்பினார். எந்தக் கணக்கை வைத்துச் சொன்னார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

ஆனால் அதே வருஷங்களில் சென்னையிலேயே ஒரு கணக்கு எடுத்துக்கொண்டிருந்தார்கள். 1981-82இல் அரசு பொது மருத்துவமனைக்கு முதன்முதலாக இந்த நோயோடு வந்த 90 பேரைப் பட்டியலிட்டு, வருஷாவருஷம் தேடிப்போய்ப் பார்த்தார்கள். 1984இல் டாக்டர் சாரதா மேனன் தொடங்கிய ஸ்கார்ஃப் என்ற மனச்சிதைவு ஆராய்ச்சி நிறுவனத்தின் டாக்டர் ஆர். தாராவும் மற்றவர்களும் இதை விடாமல் தொடர்ந்தார்கள். பத்து வருஷம் கழித்து ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர் நல்ல நிலையில் இருந்தார்கள். முதல்முறை படித்தபோது, அம்மா இருந்திருந்தால் வாசித்துக் காட்டியிருப்பேனே என்று இருந்தது.

இரண்டாம் முறை படிக்கும்போது டீச்சர் விழித்துக்கொண்டாள். மூன்றில் இரண்டு பங்கு என்பது 90 பேரில் அல்ல, பத்தாம் வருஷம் பார்க்க முடிந்த 76 பேரில். அதாவது சுமார் 51 பேர். மிச்சம் 14 பேர் எங்கே? சிலர் இறந்துவிட்டார்கள், தற்கொலையும் அதில் உண்டு. சிலரைக் கண்டுபிடிக்க முடியவில்லை. அவர்களில் ஒருவருமே தேறவில்லை என்று வைத்துக்கொண்டாலும் 90க்கு 51, நூற்றுக்கு 57 வருகிறது. அப்படியும் பாதிக்கு மேல்தான். இருபதாம் வருஷம் எட்டிப்பிடிக்க முடிந்தது 61 பேரைத்தான். வீடு மாறி மாறி வாழ்கிற ஊரில் இத்தனை பேரைத் தேடிப்பிடித்ததே பெரிய காரியம், குறை சொல்ல வரவில்லை. கணக்கில் வராதவர்களையும் நினைவில் வைத்துப் படிக்க வேண்டும், அவ்வளவுதான்.

அடுத்தது, தேறுவது என்றால் என்ன? 2013இல் வெளிவந்த ஓர் அலசல் உலகெங்கும் நடந்த 50 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது. அறிகுறியும் அடங்க வேண்டும், நாலு பேரோடு பழகிப் பிழைப்பதும் சீராக வேண்டும், இந்த இரண்டில் ஒன்றாவது இரண்டு வருஷமாவது நீடித்திருக்க வேண்டும் என்று கறாராக அளந்தது. அந்த அளவுகோலில் தேறியவர்கள் ஏழில் ஒருவர்தான். நோய் ஒன்றுதான், அளக்கிற படிதான் வேறு.

சென்னைக் கணக்கில் சுமார் 70 சதவீதத்தினருக்குக் கல்யாணம் ஆகியிருந்தது. வெளிநாட்டில் படிப்பவர் அதைத் தேறியதற்கு அடையாளம் என்று எடுத்துக்கொள்ளலாம். நம் வீடுகளில் கல்யாணம் எப்படி முடிவாகிறது என்று நமக்குத் தெரியாதா? "கால்கட்டு போட்டா சரியாயிடும்" என்று எங்களிடம் சொல்லாத உறவில்லை. புருஷன் கைவிட்டுப் பிறந்த வீட்டுக்குத் திரும்பிவந்த பெண்களைப் பற்றி அதே தாரா தனியாக ஆய்வு செய்திருப்பது சும்மா இல்லை. அதேபோல, ஏழை நாடுகளில் இந்த நோய் வந்தவர்கள் நன்றாகத் தேறுவார்கள் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் ஆய்வுகளை வைத்து ரொம்ப நாள் பேசிவந்தார்கள். அதைக் கேள்வி கேட்டு 2008இல் வந்த கட்டுரையிலும் அவர் பெயர் இருக்கிறது. தன் ஊருக்குப் பெருமை சேர்க்கிற முடிவையே திருப்பிப் பார்க்கிற அந்தக் குணம் எனக்குப் பிடித்திருக்கிறது.

அப்பாவின் குரல் இன்னும் தம்பியை விட்டுப் போகவில்லை. "லைட்டை அணைடா, கரண்ட் பில் ஏறுது" என்பாராம். சென்னை, கானாவின் அக்ரா, கலிபோர்னியாவின் சான் மாட்டியோ ஆகிய மூன்று இடங்களிலும் இப்படிக் குரல் கேட்கிறவர்கள் தலா 20 பேரிடம் மானுடவியலாளர் டான்யா லூர்மனின் குழு பேசிப் பார்த்தது. சென்னையில் பலருக்குச் சொந்தக்காரர் குரல்தான் கேட்டதாம், வீட்டுவேலை ஏவுவதுகூட உண்டாம். படித்துவிட்டு இவனிடம் சொன்னேன். "அப்போ எல்லா வீட்டிலயும் அப்பாங்க இப்படித்தானாக்கா?" என்று சிரித்தான்.

மாத்திரையோடு ஆளும் வேண்டும் என்பதற்கும் ஆய்வு இருக்கிறது. தமிழ்நாடு, கோவா, மகாராஷ்டிரத்தின் சாத்தாரா மூன்றிலும் 282 பேரை வைத்து நடந்தது, 2014இல் லான்செட் இதழில் வந்தது. பயிற்சி பெற்ற உள்ளூர் ஊழியர்கள் வீடு தேடிப்போனபோது, ஆஸ்பத்திரி வைத்தியம் மட்டும் கிடைத்தவர்களைவிடக் கொஞ்சம் கூடுதல் பலன் தெரிந்தது. பலன் மிதம்தான், மந்திரம் எதுவும் இல்லை. ஆனாலும் எங்களுக்கு அப்படி ஓர் ஆள் கதவைத் தட்டியிருந்தால், ஜன்னல் சாத்திய அந்த மாசங்கள் கொஞ்சம் குறைந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

போன மாசம் தம்பியோடு மாத்திரை வாங்கப் போனபோது ஒரு சின்னப் பெண் படிவத்தோடு உட்கார்ந்திருந்தாள். "குரல் கேக்குதா சார்?" "கேக்குது." ஒரு டிக். "தூக்கம்?" "வருது." இன்னொரு டிக்.

"அம்மா, இதையும் எழுதிக்கோ" என்றேன். "வெள்ளிக்கிழமைதோறும் குரோம்பேட்டையில தனியா ரயில் ஏறி, பல்லாவரம் சந்தைக்குப் போறான். பழைய ரேடியோ உதிரி பேரம் பேசி வாங்கிட்டு மத்தியானச் சாப்பாட்டுக்குத் திரும்பிடுவான். தெருவுல நாலு வீட்டு ரேடியோ இவன் கையாலதான் பாடுது."

அவள் படிவத்தை முன்னும் பின்னும் புரட்டினாள். அதற்குக் கட்டம் இல்லை. கடைசியில் ஓரத்தில் பென்சிலால் எழுதினாள்.

"நாலு இல்லக்கா, அஞ்சு வீடு" என்றான் தம்பி.

அவள் அழித்துத் திருத்தினாள்.