துருவுக்குள் இருக்கும் உருவம்

இங்கிலாந்தில் மெட்டல் டிடெக்டரோடு உழவு வயல்களில் நடக்கிறவர்களில் பலர் இரும்பைத் தேடுவதில்லை. இரும்பின் சத்தத்தை மட்டும் அடக்கிவைக்கக் கருவியிலேயே வசதி உண்டு. அதைப் போட்டுவிட்டு வெள்ளிக்கும் பொன்னுக்கும் காது கொடுப்பார்கள். எனக்கு இதில் வருத்தம்தான். அந்த நிலத்தில் மனிதர்கள் என்ன வேலை செய்தார்கள் என்பதை இரும்பைப்போல வேறெதுவும் சொல்லாது.

சரி, கைக்கு ஒரு துருக்கட்டி வந்துவிட்டது. என்னவென்று எப்படிக் கண்டுபிடிப்பது? முதலில், துருவின் கனத்தை வைத்து வயது சொல்லாதீர்கள். உரமும் உப்பும் ஈரமும் சேர்ந்த மண்ணில் ஐம்பது வருஷத்து போல்ட்டுகூட உருத்தெரியாமல் வீங்கிவிடும். காற்றுப் புகாத சேற்றில் நூற்றாண்டுகள் கிடந்த கத்தி அதிகம் கெடாமல் வரும். செய்த விதத்தைப் பாருங்கள்.

அதிகம் கிடைப்பது ஆணி. தண்டு சதுரமாய், நான்கு பக்கமும் கூர்முனை நோக்கி மெலிந்து, தலையில் சுத்தியல் பட்ட தடம் தெரிந்தால் கொல்லர் கையால் அடித்தது. இரண்டு பக்கம் மட்டும் மெலிந்திருந்தால் இயந்திரம் தகட்டிலிருந்து வெட்டியது. 18ஆம் நூற்றாண்டின் இறுதிக்கு முந்தியதாக இருக்காது. உருண்டைத் தண்டு என்றால் கம்பி ஆணி, பெரும்பாலும் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியோ அதற்குப் பிறகோதான். கையால் அடித்த ஆணியில்தான் சிக்கல். ரோமானியக் கொல்லர் அடித்ததும் இருநூறு வருஷத்துக்கு முன் கிராமத்துக் கொல்லர் அடித்ததும் பார்வைக்கு ஏறக்குறைய ஒன்றே. கூடக் கிடந்த பானை ஓடும் காசும்தான் அங்கே சாட்சி.

ஸ்காட்லாந்தின் இஞ்ச்டுதில் என்ற ரோமக் கோட்டையில், 1960 வாக்கில், ஒரே குழியில் 8,75,000-க்கும் மேற்பட்ட ஆணிகள் வெளிவந்தன. கி.பி. 87 வாக்கில் கோட்டையைக் கைவிட்ட படை, அத்தனை இரும்பும் எதிரியின் உலைக்குப் போய்விடக் கூடாதென்று புதைத்ததாக அறிஞர்கள் கருதுகிறார்கள். வெளிப்பக்கத்து ஆணிகள் துருவேறி ஒரே ஓடாக இறுகிவிட்டதால், நடுவில் இருந்தவை பல அதிகம் கெடாமல் தப்பின.

அச்சில் ஊற்றிய வார்ப்பிரும்பு என்றால் வேலை எளிது. இரும்பை உருக்கி ஊற்றத் தரும் ஊதுலை இங்கிலாந்தில் முதன்முதலாக, சசெக்ஸில், 15ஆம் நூற்றாண்டின் இறுதியில்தான் எழுந்தது. ஆகவே அங்கே செய்த வார்ப்பு அதற்குப் பிந்தியதே.

கமாக்குறி வடிவில், ஓரமாய்ச் சில துளைகளோடு தட்டையான துண்டு கிடைக்கும். கீல் உடைந்தது என்று ஒதுக்கிவிடுவார்கள். நம் ஊர்ச் சந்தையில் மாட்டைப் படுக்கவைத்து லாடம் அடிப்பதைப் பார்த்தவர் உடனே சொல்லிவிடுவார். பிளந்த குளம்பு என்பதால் மாட்டுக்குக் காலுக்கு இரண்டு லாடம். குதிரைக்கு ஒரே வளைவு. ரயில் வருமுன் வேல்ஸிலிருந்து லண்டன் சந்தைக்கு ஓட்டிப்போன மாடுகளுக்கும் இப்படித்தான் லாடம் கட்டினார்கள். அத்தகைய துண்டுகள் ஒரு வரிசையில் கிடைத்தால் மறைந்துபோன மாட்டுப் பாதையாகவே இருக்கலாம்.

இதனால்தான் தோண்டிய இடத்தையும் ஆழத்தையும் அங்கேயே குறித்துக்கொள்ளச் சொல்கிறேன். 1939இல் இங்கிலாந்தின் சட்டன் ஹூவில் அகழ்வாளர் பேசில் பிரவுன் வரிசையாய் இரும்புத் தறையாணிகளைக் கண்டபோது ஒன்றையும் பிடுங்கவில்லை. மரம் முழுக்க மண்ணோடு கரைந்திருந்தது. ஆணிகளை இருந்த இடத்திலேயே விட்டு மணலை மட்டும் விலக்கியதால் 27 மீட்டர் நீளக் கப்பலின் உருவம் முழுசாகத் தெரிந்தது. ஒரேயொரு ஆணியைப் பிடுங்கி மேசையில் வைத்திருந்தால் யாருக்கு என்ன புரிந்திருக்கும்?

துருவைத் தட்டி உதிர்ப்பதும் கூடாது. மரத்தின் ரேகையும் துணியின் நெசவும் பதிந்திருப்பது அதில்தான். உள்ளே வெள்ளி இழை பதித்த வேலைப்பாடு இருக்கிறதா என்பதை எக்ஸ்ரே காட்டிவிடும். அதுவரை கழுவாமல், எண்ணெய் தடவாமல், காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள்.

நம் நாட்டில் கிணறு வெட்டும்போது தாழியோடு இரும்பு வாள் தட்டுப்பட்டால், மண்வெட்டியை அங்கேயே நிறுத்த வேண்டும். 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி, மண்ணில் மறைந்திருந்த பொருளின் மதிப்பு பத்து ரூபாயைத் தாண்டினாலே மாவட்ட ஆட்சியருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும்.