சேற்றில் கிடைத்த குடும்பப் படங்கள்

2011 மார்ச் 11 அன்று வடகிழக்கு ஜப்பானைச் சுனாமி வாரிச் சுருட்டியது. இரண்டே வாரத்தில், மார்ச் 25 அன்று, இடிபாடுகளை அகற்றுவது குறித்து அந்நாட்டு அரசு ஒரு வழிகாட்டுதலை வெளியிட்டது. புகைப்பட ஆல்பங்களையும், முன்னோர் பெயர் பொறித்த வழிபாட்டுப் பலகைகளையும் குப்பையோடு அள்ளக் கூடாது, உரியவர் வந்து பெற்றுக்கொள்ள வாய்ப்பளிக்க வேண்டும் என்றது அது.

வீட்டோடு எல்லாம் போனவர்களுக்கு, இறந்தவரின் சடங்கில் வைக்கக்கூட ஒரு படம் மிஞ்சவில்லை.

கிடைத்த படங்களைக் காப்பதும் எளிதாக இல்லை. காகிதத்தின் மேலுள்ள மெல்லிய ஜெலட்டின் பூச்சில்தான் உருவமும் நிறமும் இருக்கின்றன. ஜெலட்டின் ஒரு விலங்குப் புரதம். நனைந்து சேறு படிந்தால் பாக்டீரியாக்கள் அதைத் தின்னத் தொடங்கும். நாள் கடந்தால் முகங்கள் வண்ணக் குழம்பாகிவிடும். எனவே ஃபுஜிஃபிலிம் நிறுவனம் படங்களைக் கழுவும் முறையைத் தன்னார்வலர்களுக்குக் கற்றுக்கொடுத்தது: தண்ணீரில் ஊறவைத்து, சேற்றை மெதுவாக நீக்கி, அலசி, கொடியில் கிளிப் போட்டு உலர்த்துவது.

மியாகி மாகாணத்தின் யமமோத்தோ என்ற சிற்றூரில் மட்டும் சுமார் 7,50,000 படங்கள் சேர்ந்தன. அவற்றைக் கழுவி, டிஜிட்டல் பிரதி எடுத்து, ஊரார் வந்து தேடும்படி வைத்தார்கள். அடையாளமே தெரியாமல் அழிந்த படங்களையும் எறிய மனம் வரவில்லை. அவை டோக்கியோவிலும் நியூயார்க்கிலும் கண்காட்சியாயின.

இவாத்தே மாகாணத்தின் ரிகுசென்தகாதாவில் நகர அருங்காட்சியகமே மூழ்கியது. மீனவர்களின் கருவிகள், பழைய ஆவணங்கள் என சுமார் 4,60,000 பொருள்கள் மீட்கப்பட்டன. அங்கே பெரிய எதிரி உப்பு. அது உள்ளே தங்கினால் காற்றின் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும், பூஞ்சை பிடிக்கும். அதனால் பொருள்களை நீரில் திரும்பத் திரும்ப ஊறவைத்து உப்பை இறக்கினார்கள். புதிய அருங்காட்சியகம் திறக்க 2022 நவம்பர் ஆனது.

அதே நகரின் கெசென் பகுதியில், தேர்கள் ஒன்றோடொன்று மோதும் தனபாத்தா திருவிழா பல நூற்றாண்டுகளாக நடக்கிறது. சுனாமி தேர்களையும் விடவில்லை. ஆனால் மிஞ்சிய ஒரு தேரை அலங்கரித்து, அதே ஆண்டு ஆகஸ்டில் மக்கள் இழுத்தார்கள். மோதுவதற்கு எதிரே தேர் இல்லை. வேறு வேறு ஊர்களுக்குச் சிதறியிருந்தவர்கள் ஒன்றுகூட அந்த நாள் ஒரு காரணமாயிற்று.

நனைந்த படங்கள் நமக்கும் புதிதல்ல. 2015 டிசம்பரில் வெள்ளம் புகுந்த சென்னை வீடுகளிலும் கல்யாண ஆல்பங்கள் ஊறிப்போயின. அந்த நேரத்தில் பலர் செய்யும் தவறு, ஆல்பத்தை அப்படியே வெயிலில் வைப்பது. ஒட்டிக் காய்ந்த படங்களைப் பிறகு கிழிக்காமல் பிரிப்பது கடினம். ஈரமாக இருக்கும்போதே குளிர்ந்த சுத்தமான நீரில் போட்டுப் பிரித்து, படம் மேலே தெரியும்படி நிழலில் உலர்த்த வேண்டும். உடனே முடியாவிட்டால், பிளாஸ்டிக் பையில் போட்டு ஃபிரீசரில் வைக்கலாம். வீட்டை ஒதுங்கவைத்த பிறகு நிதானமாகப் பிரித்துக்கொள்ளலாம்.