பெற்றோமக்ஸ் மென்டிலும் ஒளியைப் பிடித்துவைக்கும் பளிங்கும்

மின்சாரம் இல்லாத காலத்து வன்னியில் கலியாண வீடு, கோயில் திருவிழா என்றால் பெற்றோமக்ஸ் விளக்கு வரவேண்டும். புது மென்டில் ஒரு சின்னத் துணிப்பை. கட்டிப் பற்றவைத்தால் துணி எரிந்துபோய்ச் சாம்பல் வலை மட்டும் தொங்கும். விரல் பட்டாலே உதிரும். வெள்ளையாய் ஒளிர்ந்தது அந்தச் சாம்பல்தான்: தோரியம் ஒட்சைட்டும் கொஞ்சம் சீரியம் ஒட்சைட்டும். இரண்டுக்கும் மூலம் மொனசைற் என்ற மணற்கனிமம். முல்லைத்தீவின் தெற்கு எல்லையில் கொக்கிளாய், அதைத் தாண்டினால் புல்மோட்டை. அங்குள்ள கறுப்பு மணலில் பெரும்பங்கு இல்மனைற். மொனசைற்றும் சிறிதளவு உண்டு.

மென்டிலைக் கண்டுபிடித்தவர் ஒஸ்திரியாவின் கார்ல் அவுவர் வொன் வெல்ஸ்பாக். ஒரே மூலகம் என்று நம்பப்பட்ட ஒன்றை 1885இல் இரண்டாகப் பிரித்துக் காட்டியவரும் அவரே. அவற்றில் ஒன்று நியோடிமியம், மற்றது பிரசியோடிமியம். ஒளியைப் பிடித்துவைத்துத் திருப்பித் தரும் ஆய்வுகளில் இப்போது அடிக்கடி அடிபடும் பெயர் இந்தப் பிரசியோடிமியம்.

ஒளியை ஏன் பிடித்துவைக்க வேண்டும்? வழக்கமாகப் பயன்படும் நல்ல கண்ணாடி இழையில்கூட ஏறத்தாழ 15 கிலோமீற்றரில் பாதி ஒளி தொலைந்துவிடும். கிளிநொச்சியில் இருந்து கொழும்பு 300 கிலோமீற்றருக்கு மேல். 300 கிலோமீற்றர் இழையில் போட்டோன் எனப்படும் ஒளித்துகள்கள் பத்து இலட்சத்தை விட்டால் ஒன்றுதான் மிஞ்சும். நமது இணையத்துக்கு இது பிரச்சினையே இல்லை, இடையிடையே பெருக்கி வைத்துச் சமாளிக்கிறார்கள். ஒற்றைப் போட்டோனில் எழுதிய குவாண்டம் தகவலைப் பெருக்க முடியாது. அதை அப்படியே பிரதியெடுக்க இயலாது என்பது 1982இல் நிறுவப்பட்டது. ஆகவே வழியைத் துண்டாக்கி, ஒரு துண்டில் இரு முனைகளுக்கிடையே கிடைத்த குவாண்டம் பிணைப்பை மற்றத் துண்டிலும் கிடைக்கும்வரை காத்திருக்க வைக்கவேண்டும். அதற்குத்தான் நினைவகம்.

அத்தகைய நினைவகத்துக்கு இற்றியம் சிலிக்கேற்றை ஏறத்தாழ 2000 பாகையில் உருக்கிப் பளிங்காக வளர்ப்பார்கள். அதில் ஆயிரம் இற்றியம் அணுக்களில் ஒன்றுக்கும் குறைவானவற்றின் இடத்தில் பிரசியோடிமியம் உட்காரும். அதன் உள் இலத்திரன்களை வெளி ஓடுகள் மறைத்திருப்பதால் சுற்றியுள்ள பளிங்கின் சலசலப்பு அவற்றுக்கு அவ்வளவாக எட்டாது. தனிப்பூச்சியத்துக்குச் சில பாகை மேலே குளிரவைத்தால் இன்னும் அமைதி.

2010இல் கன்பராவில் அவுஸ்திரேலியத் தேசியப் பல்கலைக்கழகத்தின் மோர்கன் ஹெட்ஜஸ், மத்தியூ செலர்ஸ் குழுவினர் இத்தகைய பளிங்கின் ஒரு முனையில் இருந்து மறுமுனைவரை மின்புலத்தைச் சீராக மாற்றிவைத்தார்கள். இதனால் ஒவ்வோர் இடத்துப் பிரசியோடிமியம் அயனும் சற்றே வேறு மீடிறனை விழுங்கும். விழுங்கியபின் தத்தம் வேகத்தில் அதிர்ந்து ஒத்திசைவை இழக்கும். இல்ல விளையாட்டுப் போட்டியில் பிள்ளைகள் ஒன்றாய்ப் புறப்பட்டுச் சிதறி ஓடும்போது ஆசிரியர் விசில் ஊதித் திரும்பி ஓடச் சொன்னால், முந்திப் போனவருக்குத் திரும்பும் தூரமும் கூட. அதே வேகத்தில் ஓடினால் எல்லாரும் ஒரே கணத்தில் கோட்டுக்கு வருவார்கள். இங்கே விசில் என்பது மின்புலத்தைத் தலைகீழாக்குவது. அயன்கள் மீண்டும் ஒத்திசைந்ததும் விழுங்கிய ஒளியைக் கக்கிவிடும்.

உள்ளே போன ஒளியில் 69 வீதம் வெளியே வந்தது. பாதியைத் தாண்டியதில்தான் விசேஷம்: வந்ததைவிடச் சிறந்த பிரதி வேறெவரிடமும் இருக்க வழியில்லை, பளிங்கிடம்கூட.

ஆனால் அந்தச் சேமிப்பு மைக்ரோசெக்கன் கணக்குத்தான். நேரத்தை நீட்டியவர்கள் வேறு ஆட்கள்: 2013இல் ஜேர்மனியின் டாம்ஸ்டாட்டில் ஒரு நிமிடம், 2021இல் சீனாவில் யூரோப்பியம் கலந்த பளிங்கில் ஒரு மணித்தியாலம். அவற்றில் திரும்பி வந்த ஒளியோ மிகச் சொற்பம். ‘ஒளியை நிறுத்திவிட்டார்கள்’ என்று தலைப்புப் பார்த்தால், எத்தனை வீதம் திரும்பியது என்று கேளுங்கள். கூடிய வீதமும் நீண்ட நேரமும் ஒரே பளிங்கில் சேர்வதுதான் கஷ்டம்.

மொனசைற்றில் பிரசியோடிமியமும் உண்டு என்பதைச் சாட்டி இனி யாரும் மணல் அள்ளக் கிளம்பவேண்டாம். கொக்கிளாய்ப் பக்கம் கனிய மணல் அகழ்வை மக்கள் எதிர்த்து வருகிறார்கள். நினைவகப் பளிங்கு ஒன்று விரல்நுனியளவு. அதற்குள் இருக்கும் பிரசியோடிமியம் மில்லிகிராம் கணக்கு. பிரசியோடிமியம் போன்ற அருமண் மூலகங்களைத் தொன் கணக்கில் கேட்பவை மின்சார வாகனங்களுக்கும் காற்றாலைகளுக்கும் போகும் காந்தங்கள்.