ஜூன் மாதத்தில் பிறந்தவர்கள்

எங்கள் புதுக்கோட்டைச் சீமையில் அறுபதைத் தாண்டிய யாரிடமாவது பிறந்த தேதி கேட்டுப் பாருங்கள். ஏகப்பட்ட பேர் மே மாதமோ ஜூன் மாதமோ பிறந்திருப்பார்கள். பெற்ற தாய்க்கே தெரியாத அந்தத் தேதியைக் கொடுத்தவர் ஊர்ப் பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியர்.

நான் அன்னவாசல் பக்கத்தில் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். எனக்கு முன்னால் அந்த நாற்காலியில் உட்கார்ந்தவர்களை நான் தெரிந்துகொண்டது பீரோவின் அடித்தட்டில் கிடந்த பழைய சேர்க்கைப் பதிவேட்டில்தான். கையெழுத்து மாறுகிற இடத்தில் ஆள் மாறியிருக்கிறார். முதலாமவருடையது கட்டைப் பேனா, மை பழுப்பேறிவிட்டது. தகப்பனார் தொழில் என்ற பத்தியில் கூலி, கூலி, பண்ணையாள், மறுபடி கூலி. பள்ளியை விட்டு நீங்கிய காரணம் என்ற பத்தியை வாசிக்கத்தான் நெஞ்சுரம் வேண்டும். ‘ஆடு மேய்க்க’, ‘வறுமை’, ‘பர்மா சென்றது’. பெண் பிள்ளை என்றால் ‘பெரியவளானது’.

தேதி எப்படி வந்தது? வலது கையைத் தலைக்கு மேலே வளைத்து இடது காதைத் தொட்டால் ஐந்து வயது. பிறகு தாயிடம் விசாரணை. “புயலடிச்சப்ப கைப்பிள்ளைங்க வாத்தியாரய்யா” என்பாள். அந்தப் புயல் 1952 நவம்பர் 30-இல் நாகப்பட்டினத்தில் கரையேறி, தஞ்சாவூரையும் புதுக்கோட்டையையும் புரட்டிப் போட்டது. பள்ளி திறப்பது ஜூனில். ஐந்து முடிந்திருக்க வேண்டும். பேனாவைத் தொட்டு 5-6-1952 என்று எழுதிவிடுவார். பிறப்புச் சான்றிதழை யாரும் கேட்காத காலம். அந்தப் பிள்ளை பின்னாளில் அரசு வேலைக்குப் போனால் எந்த மாதம் ஓய்வு என்பதும் அந்தக் காலை வேளையிலேயே முடிவாகிவிட்டது. மே, ஜூன் கடைசியில் அரசு அலுவலகங்களில் பணி நிறைவு விழா வரிசைகட்டி நடந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

புதுக்கோட்டை தனிச் சமஸ்தானமாக இருந்த காலத்தில் நகரத்து ஆசிரியர்களுக்குப் பேர் இருந்தது. மகாராஜா கல்லூரி முதல்வர் எஸ். ராதாகிருஷ்ண ஐயர் எழுதிய புதுக்கோட்டை வரலாறு 1916-இல் அச்சேறியது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் தகப்பனார் நாராயணசாமி ஐயரும் அதே கல்லூரியில் முதல்வராக இருந்தவர்தான். கிராமத்துத் திண்ணையில் மணலைப் பரப்பி அரிச்சுவடியும் எண்சுவடியும் சொல்லிக்கொடுத்து, கூலியாக நெல்லும் கேழ்வரகும் வாங்கிக்கொண்டு போன வாத்தியாரின் பேரை யார் எழுதி வைத்தார்கள்?

1948 மார்ச் 3-இல் சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்து, திருச்சி மாவட்டத்தின் பகுதியானது. காமராசர் 1954-இல் முதலமைச்சரானார், நெ.து. சுந்தரவடிவேலு கல்வித்துறைக்குத் தலைவர். குக்கிராமங்களுக்கெல்லாம் ஓராசிரியர் பள்ளி வந்தது. பேர்தான் தலைமையாசிரியர், தலைமை தாங்க இன்னொரு ஆசிரியர் கிடையாது! ஒரே கொட்டகையில் ஐந்து வகுப்பு. ஐந்தாம் வகுப்புப் பையன் இரண்டாம் வகுப்புக்கு வாய்ப்பாடு சொல்ல, அவர் ஒன்றாம் வகுப்புப் பிள்ளையின் விரலைப் பிடித்து ‘அ’ எழுதுவார். கடலை பிடுங்குகிற காலத்தில் வகுப்பு காலியாகும். காட்டுக்கே போய் ஆள் பிடித்து வரவேண்டும். 1956-இல் மதிய உணவு வந்ததும் வீடு வீடாகப் பிடியரிசி வாங்குவது, பருப்புக்குக் கணக்கு எழுதுவது எல்லாம் அவர் தலையில். சாயங்காலமானால் மலாயாவிலிருந்தும் சிலோனிலிருந்தும் வந்த கடிதங்களை வாசித்துக் காட்டி, பதிலும் எழுதிக் கொடுக்க வேண்டும். ஊரில் யாருக்குக் கடன், யாருக்கு அங்கே இரண்டாம் குடும்பம் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். வாய் திறக்கமாட்டார்.

எல்லாரையும் தெய்வமாக்க எனக்கு மனமில்லை. பிரம்பை நம்பியவர்கள் உண்டு. சேரிப் பிள்ளைகளைத் தனியே உட்கார வைத்தவர்கள் உண்டு. அதே காலத்தில் ஒரே பாயில் கலந்து உட்கார வைத்தவர்களும் உண்டு. தலைமையாசிரியரே ஒடுக்கப்பட்ட சாதிக்காரர் என்றால் ஊருக்குள் குடியிருக்க வீடு கிடைக்காது. வெளியூரிலிருந்து தினமும் சைக்கிள்தான். சம்பளமும் சொற்பம். ஒன்றியப் பள்ளி ஆசிரியர்கள் அரசு ஊழியர்களானதே 1981 ஜூன் 1 முதல்தான். முதல் தலைமுறையில் பலர் அதைப் பார்க்காமலே ஓய்வு பெற்றுவிட்டார்கள்.

இப்போது நூற்றாண்டு கண்ட பள்ளிகள் விழா எடுக்கின்றன. பந்தல், ஃபிளெக்ஸ், பாட்டுக் கச்சேரி எல்லாம் இருக்கட்டும். அந்தச் செலவில் கொஞ்சத்தை ஒதுக்கி, உங்கள் ஊர்ப் பள்ளியின் முதல் சேர்க்கைப் பதிவேட்டை முறையாக அனுமதி வாங்கி ஸ்கேன் எடுத்து வையுங்கள். 2018 கஜா புயலில் எங்கள் மாவட்டத்துக் கூரைகள் பட்ட பாடு தெரியும்; கரையானுக்குப் புயல்கூட வேண்டாம். ஒரு படி பள்ளியில் இருக்கட்டும், ஒரு படி மாவட்டக் கல்வி அலுவலகத்தில் இருக்கட்டும். இணையத்தில் மட்டும் ஏற்றிவிடாதீர்கள். அந்தப் பதிவேட்டில் சாதிக்கும் ஒரு பத்தி இருக்கிறது.